சன்பிளவர் கவுண்டியில் பருத்தி மானியம் (1933–1973)

சன்பிளவர் கவுண்டி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள வேளாண் பகுதியாகும். கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஆட்சிப் பிரிவு. நம் மாவட்டத்தைப் போன்றது எனலாம். ஆனால் மக்கள்தொகையில் மிகச் சிறியது. 1933 முதல் அமெரிக்க நடுவண் அரசு பருத்தி விவசாயிகளுக்கு மானியம் வழங்கிவந்தது. விலை வீழ்ச்சியிலிருந்து உழவரைக் காப்பதே அதன் நோக்கம். சன்பிளவர் கவுண்டியில் அந்தப் பணம் நிலம் வைத்திருந்தவர்களைக் காத்தது. அந்த நிலத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த நாற்பது ஆண்டுகளில் நிலத்தை விட்டு வெளியேறினர். சட்டத்தின் எந்த வரியிலும் இப்படி நடக்க வேண்டும் என்று எழுதப்படவில்லை. பணம் எதைக் கணக்கிட்டுத் தரப்பட்டது, யார் கையில் தரப்பட்டது, அதை யார் மேற்பார்வையிட்டனர் என்ற மூன்று கேள்விகளில்தான் இதற்கான விடை இருக்கிறது.

நிலமும் மக்களும்

சன்பிளவர் கவுண்டி 1844இல் உருவாக்கப்பட்டது. இதன் தலைநகர் இண்டியனோலா. ரூல்வில், ட்ரூ, டாட்ஸ்வில், மூர்ஹெட் ஆகியவை இங்குள்ள மற்ற சிற்றூர்கள். இப்பகுதி முழுவதும் மிசிசிப்பி டெல்டா எனப்படும் சமவெளியில் அடங்கும். டெல்டா என்று அழைக்கப்பட்டாலும் இது ஆறு கடலில் கலக்கும் இடம் அன்று. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையில், வெள்ளம் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படியவைத்த கரிய வண்டல் நிலம் இது. காடும் சதுப்புமாக இருந்த இந்நிலத்தின் பெரும்பகுதி உள்நாட்டுப் போருக்குப் பின்னரே திருத்தப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் பருத்திப் பண்ணைகளாக மாறியது.

நிலம் பெரும்பாலும் வெள்ளையர் சிலரின் கையில் இருந்தது. உழைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். அடிமை முறையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தவர்கள். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகை 66,000ஐத் தாண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வாரச் சாகுபடி முறையில் பருத்தி பயிரிட்டு வாழ்ந்தனர்.

வாரச் சாகுபடி

டெல்டாவின் வாரச் சாகுபடி தமிழகத்து வார முறையோடு ஒப்பிடத்தக்கது. பண்ணையார் நிலம், வீடு, ஏர், கோவேறு கழுதை, விதை ஆகியவற்றைத் தருவார். வாரக் குடும்பம் உழைப்பைத் தரும். விளைச்சல் பாதிப் பாதி. நடவுக் காலத்திலிருந்து அறுவடை வரை குடும்பம் உயிர்வாழ மாவு, பன்றிக்கொழுப்பு, வெல்லப்பாகு, துணி ஆகியவை பண்ணைக் கடையில் கடனாகக் கிடைக்கும். பருத்தி விற்றபின் ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கப்படும். கணக்கேடு பண்ணையாரிடம் மட்டுமே இருந்தது. அதைச் சரிபார்க்கவோ எதிர்த்துக் கேட்கவோ வாரக்காரருக்கு வழியில்லை. பல குடும்பங்களுக்கு ஆண்டு முடிவில் மிஞ்சியது சிறு தொகை. பலருக்கு அடுத்த ஆண்டுக்கும் தொடரும் கடன்.

இவர்களுக்கு மேல்நிலையில் குத்தகைக்காரர்கள் இருந்தனர். சொந்தக் கோவேறு கழுதையும் கருவிகளும் வைத்திருந்தவர்களுக்கு விளைச்சலில் கூடுதல் பங்கு கிடைத்தது, அல்லது அவர்கள் பணமாகக் குத்தகை செலுத்தினர். இந்த வேறுபாடு மானியக் காலத்தில் மிக முக்கியமாயிற்று.

1933: முளைத்த பயிரை உழுதழித்தல்

முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் ஒரு பவுண்டு பருத்தி 35 சென்ட் அளவுக்கு விற்றது. 1931, 1932ஆம் ஆண்டுகளில் அது ஆறு சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. கிடங்குகளில் பழைய பஞ்சு தேங்கிக் கிடந்தது. 1933 மார்ச்சில் பதவியேற்ற அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு, மே 12 அன்று வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விளைச்சலைக் குறைத்தால் விலை உயரும். குறைக்க ஒப்புக்கொள்ளும் விவசாயிக்கு அரசு பணம் தரும் என்பதே அதன் சாரம். பணத்துக்கான வருவாய், நூற்பாலைகள் போன்ற பதப்படுத்தும் தொழில்கள்மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்து வந்தது.

சட்டம் வந்தபோது வயல்களில் பருத்தி ஏற்கெனவே முளைத்து நின்றது. எனவே அந்த ஆண்டு நின்ற பயிரை உழுதழிக்கவே பணம் தரப்பட்டது. தென்மாநிலங்களில் ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட பருத்தி அழிக்கப்பட்டது. அதாவது விதைத்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. விவசாயிகளுக்கு வழங்கப்பட்ட தொகை 10 கோடி டாலரைத் தாண்டியது. செடியை மிதிக்காமல் வரிசைகளுக்கு இடையே நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் செடிமேல் நடக்க மறுத்தன என்ற செய்தி அக்கால எழுத்துகளில் அடிக்கடி இடம்பெறுகிறது.

பணத்தில் வாரக்காரருக்கும் பங்கு உண்டு என்பதே ஏற்பாடு. ஆனால் காசோலை பெரும்பாலும் நில உரிமையாளர் வழியாகவே வந்தது. கடைக் கடனுக்கு ஈடாக அவர் அதை வரவு வைத்துக்கொள்ள முடிந்தது. பழைய கணக்கேடு இங்கும் வேலை செய்தது.

நான்கு சென்ட்டும் அரை சென்ட்டும்

1934, 1935ஆம் ஆண்டுகளுக்கான பருத்தி ஒப்பந்தத்தில் பணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தரிசாக விடும் நிலத்துக்கு அரசு தரும் வாடகை ஒன்று. அந்த நிலத்தின் சராசரி விளைச்சலைக் கணக்கிட்டு ஒரு பவுண்டுக்கு மூன்றரை சென்ட் இதற்கு. விலை ஈட்டுத்தொகை மற்றொன்று. பவுண்டுக்கு ஒரு சென்ட். வாடகைப் பணம் நில உரிமையாளருக்கு உரியது. ஈட்டுத்தொகை மட்டுமே வாரக்காரரோடு பாதியாகப் பகிரப்பட்டது. ஆக, நான்கரை சென்ட்டில் பண்ணையாருக்கு நான்கு, வாரக்காரருக்கு அரை.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 25 ஏக்கரில் வாரம் செய்யும் குடும்பம். ஏக்கருக்கு 200 பவுண்டு விளைச்சல் எனக் கொள்வோம். 1934இல் 40 விழுக்காடு குறைப்பு என்பதால் 10 ஏக்கர் தரிசாகும். அதன் விளைச்சல் 2,000 பவுண்டு. வாடகை 70 டாலர், ஈட்டுத்தொகை 20 டாலர், மொத்தம் 90 டாலர். இதில் பண்ணையார் பெறுவது 80. வாரக் குடும்பம் பெறுவது 10. அந்தப் பத்து ஏக்கரில் பயிர் நின்றிருந்தால், விலை என்னவானாலும் விளைச்சலில் பாதி அந்தக் குடும்பத்துக்கு உரியதாக இருந்திருக்கும்.

அதே வேளையில் பருத்தி விலை 1934இல் 12 சென்ட் அளவுக்கு ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். மீதி நிலத்தில் தொடர்ந்து பயிரிட்ட வாரக்காரருக்கு அந்த விலை பயன்பட்டது. திட்டம் விலையை உயர்த்தும் நோக்கில் தோற்கவில்லை. ஆனால் பத்தில் நான்கு பங்கு நிலம் தரிசாகும்போது அத்தனை குடும்பங்களும் பண்ணைக்குத் தேவையா என்ற கேள்வி பண்ணையார் முன் எழுந்தது. அரசு தந்த பணமே அந்தக் கேள்வியை எழுப்பியது.

ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு

இந்த ஆபத்தைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தனர். ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு, இயன்ற வரையில் வழக்கமான எண்ணிக்கையில் குத்தகைக்காரரையும் வாரக்காரரையும் உரிமையாளர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. 'இயன்ற வரையில்' என்ற சொற்கள் அந்தப் பிரிவின் வலிமையைக் குறைத்தன. எண்ணிக்கை மாறாமல் இருந்தால் போதுமா, அதே மனிதர்களை வைத்திருக்க வேண்டுமா என்பதும் தெளிவாக இல்லை.

பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவில் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் 1934 ஜூலையில் டைரோன்சா என்ற ஊரில் கூடித் தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கின. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே சங்கத்தில் இருந்தது அக்காலத்தில் அரிது. வேளாண்மைச் சீரமைப்பு அமைப்பின் சட்டப் பிரிவில் இருந்த இளம் வழக்கறிஞர்கள் அதே குடும்பங்களை வைத்திருக்க வேண்டும் என்று ஏழாம் பிரிவுக்குப் பொருள் கூறினர். பண்ணையார்களின் எதிர்ப்பு வேளாண்மைச் செயலர் ஹென்றி வாலஸ் வரை சென்றது. 1935 பிப்ரவரியில், சட்டப் பிரிவின் தலைவர் ஜெரோம் பிராங்க் உட்படப் பலர் பதவி நீக்கப்பட்டனர். உரிமையாளர்களுக்குச் சாதகமான விளக்கமே நிலைத்தது.

டெல்டாப் பண்ணையார்களுக்கு அரசுக்குள்ளேயே செல்வாக்கு இருந்தது. சன்பிளவருக்கு அண்டையிலுள்ள பொலிவர் கவுண்டியில் டெல்டா அண்ட் பைன் லேண்ட் என்ற மாபெரும் பருத்திப் பண்ணை இருந்தது. அதன் மேலாளர் ஆஸ்கர் ஜான்ஸ்டன் வேளாண்மைச் சீரமைப்பு அமைப்பின் நிதித்துறை இயக்குநராகவும் பணியாற்றினார். நாட்டிலேயே மிகப் பெரிய மானியத் தொகை பெற்ற பண்ணைகளுள் அதுவும் ஒன்று.

வாரக்காரர் கூலியாள் ஆதல்

1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் 1933ஆம் ஆண்டுச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மண்வளப் பாதுகாப்பின் பெயரில் புதிய சட்டம் வந்தது. 1938இல் முழுமையான மற்றொரு வேளாண்மைச் சட்டம் வந்தது. இவற்றில் வாரக்காரருக்கான பங்கு உயர்த்தப்பட்டது. பயிரில் எவ்வளவு பங்கோ அதே விகிதத்தில் மானியத்திலும் பங்கு தர வேண்டும்.

நல்ல நோக்கில் செய்யப்பட்ட இந்தத் திருத்தம் எதிர்பாராத விளைவைத் தந்தது. பயிரில் பங்கு உள்ளவருக்கே மானியத்தில் பங்கு. நாள்கூலிக்கு வேலை செய்பவருக்குப் பயிரில் பங்கில்லை. எனவே மானியத்திலும் இல்லை. வாரக்காரரைக் கூலியாளாக மாற்றினால் முழு மானியமும் பண்ணையாருக்கே சேரும். 1930இல் தென்மாநிலங்களில் ஏறத்தாழ 7.7 லட்சமாக இருந்த வாரக்காரர் எண்ணிக்கை 1940இல் 5.4 லட்சமாகக் குறைந்தது. பலர் அதே பண்ணையில், அதே குடிசையில் தங்கி, களையெடுப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் மட்டும் அழைக்கப்படும் கூலிகளாயினர்.

கவுண்டிக் குழு

அமெரிக்க மானிய முறையின் தனித்தன்மை அதன் உள்ளூர் நிர்வாகம். விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு ஒவ்வொரு பண்ணைக்கும் எத்தனை ஏக்கர் பருத்தி ஒதுக்கீடு என்று முடிவு செய்தது, புகார்களையும் விசாரித்தது. தலைநகர் அலுவலரைவிட உள்ளூர் மக்களுக்கே நிலம் தெரியும் என்ற மக்களாட்சிக் கருத்து இதன் அடிப்படை.

கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை நடைமுறையில் மறுக்கப்பட்ட டெல்டாவில், இந்தக் குழு பண்ணையார்களின் குழுவாக அமைந்தது. பங்கு கிடைக்கவில்லை என்று ஒரு வாரக்காரர் புகார் செய்தால் அதை விசாரிப்பவர் அவருடைய பண்ணையாரோ அவரது அண்டை வீட்டாரோ ஆவார். சிறு நிலம் வைத்திருந்த கறுப்பின விவசாயிக்கும் சிக்கல் உண்டு. பருத்தி ஒதுக்கீடு இல்லாத நிலத்துக்கு அடமான மதிப்பு குறைவு. ஒதுக்கீட்டைச் சில ஏக்கர் குறைத்தாலே வங்கிக் கடன் கிடைக்காமல் போகும்.

1965இல் அமெரிக்கக் குடியுரிமை ஆணையம் வேளாண் திட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தென்மாநிலங்களின் கவுண்டிக் குழுக்களில் கறுப்பின உறுப்பினர் எவரும் இல்லை என்று அது கண்டது. திட்டம் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 1960களின் நடுவில் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு போன்ற இயக்கங்கள் வாக்காளர் பதிவோடு கவுண்டிக் குழுத் தேர்தல்களிலும் கறுப்பின வேட்பாளர்களை நிறுத்த முனைந்ததற்குக் காரணம் இதுவே.

எந்திரத்தின் வருகை

1944 அக்டோபர் 2 அன்று டெல்டாவின் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகிலுள்ள ஹாப்சன் பண்ணையில் எட்டு பருத்தி எடுப்பு எந்திரங்கள் பொதுமக்கள்முன் இயக்கிக் காட்டப்பட்டன. ஒரு பொதி பருத்தியை எந்திரத்தால் எடுக்க ஆன செலவு 5.26 டாலர் என்றும், கையால் எடுக்க 39.41 டாலர் என்றும் பண்ணை கணக்கிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் டிராக்டரும் எடுப்பு எந்திரமும் களைக்கொல்லியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோவேறு கழுதைக்கும் வாரக்காரருக்கும் கடைசியாகக் களையெடுப்போருக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

மக்களை வெளியேற்றியது எந்திரமா, மானியமா, சிகாகோ போன்ற வடநகரங்களின் ஈர்ப்பா என்பது வரலாற்றாளர்களிடையே நீண்டகால விவாதம். இவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே பொருத்தமான விடை. எந்திரம் வாங்க முதல் வேண்டும். ஆண்டுதோறும் உறுதியாகக் கிடைத்த அரசுப் பணம் அந்த முதலைத் தந்தது, வங்கிக் கடனுக்கும் துணை நின்றது. எந்திரம் வந்ததும் ஆள் தேவை குறைந்தது. வடக்கே வேலை கிடைத்தவர்கள் போனார்கள். சன்பிளவர் கவுண்டியின் மக்கள்தொகை 1970இல் ஏறத்தாழ 37,000 ஆனது. நாற்பது ஆண்டுகளில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைவு.

ஈஸ்ட்லண்டும் ஹேமரும்

சன்பிளவர் கவுண்டியின் இரு மனிதர்கள் இந்த வரலாற்றின் இரு முனைகளைக் காட்டுகின்றனர்.

ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் 1904இல் டாட்ஸ்வில்லில் பிறந்தார். அவரது குடும்பப் பண்ணை ஐயாயிரம் ஏக்கரைத் தாண்டியது. 1941இல் சில மாதங்களும், பின்னர் 1943 முதல் 1978 வரையும் அவர் அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்தார். 1956 முதல் நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்து, குடியுரிமைச் சட்ட முன்வடிவுகளை முடக்குவதில் பெயர்பெற்றார். மாநிலங்களின் விவகாரத்தில் நடுவண் அரசு தலையிடக் கூடாது என்பது அவர் இடைவிடாது கூறிய கருத்து. வேளாண்மைக் குழுவிலும் அவர் உறுப்பினர். பருத்திச் சட்டங்களை வகுக்கும் இடத்தில் பருத்தி மானியம் பெறுபவரும் அமர்ந்திருந்தார்.

பேனி லூ ஹேமர் 1917இல் வாரக் குடும்பத்தின் இருபதாவது குழந்தையாகப் பிறந்தார். குடும்பம் அவரது இரண்டாம் வயதில் சன்பிளவர் கவுண்டிக்கு வந்தது. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். ஒருமுறை அவர் தந்தை கோவேறு கழுதைகளும் கருவிகளும் வாங்கி, வாரத்திலிருந்து குத்தகைக்கு உயர முயன்றார். யாரோ தீவனத்தில் நஞ்சு கலந்து அந்த விலங்குகளைக் கொன்றதாக ஹேமர் பிற்காலத்தில் கூறினார். குடும்பம் மீண்டும் வாரத்துக்கே திரும்பியது. வளர்ந்தபின் ரூல்வில் அருகே ஒரு பண்ணையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் கூலிநேரக் கணக்கும் எழுதினார். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவு செய்ய இண்டியனோலாவுக்குச் சென்றார். அன்று மாலையே, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையேல் பண்ணையை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர் வெளியேறினார். 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் அளித்த சாட்சியம் நாடெங்கும் ஒளிபரப்பானது.

டாட்ஸ்வில்லுக்கும் ரூல்வில்லுக்கும் இடையே சில மைல் தொலைவுதான்.

மானியமும் பட்டினியும்: 1965–1968

1965ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம் பருத்திக்கான அரசு ஆதரவு விலையை உலக விலைக்கு நெருக்கமாகக் குறைத்து, இழப்பை நேரடிப் பணமாக ஈடுசெய்தது. கூடுதலாக நிலத்தைத் தரிசு விட்டால் கூடுதல் பணம். அதுவரை விலைக்குள் மறைந்திருந்த உதவி இப்போது பெயரும் தொகையுமாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பெருந்தொகை பெற்றவர்களின் பட்டியல் நாடாளுமன்றப் பதிவுகளில் வெளியானது. 1960களின் இறுதியில் ஈஸ்ட்லண்ட் குடும்பப் பண்ணை ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் அதிகமாகப் பெற்றது பத்திரிகைச் செய்தியாயிற்று.

அதே ஆண்டுகளில் டெல்டாவில் களையெடுக்கும் கூலி நாளொன்றுக்கு மூன்று டாலர் அளவில் இருந்தது. 1965 ஏப்ரலில் பொலிவர் கவுண்டியின் ஷா நகரில் தொடங்கிய மிசிசிப்பி விடுதலைத் தொழிலாளர் சங்கம் மணிக்கு 1.25 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. 1967 பிப்ரவரி முதல் பண்ணைத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒரு டாலர் என்று சட்டம் விரிவாக்கப்பட்டது. ஒருபுறம் கூலி உயர்வு, மறுபுறம் தரிசு நிலத்துக்குப் பணம். பண்ணைகள் ஆட்களை எடுப்பதையே பெரிதும் நிறுத்தின.

வேலை இழந்தவர்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது? பல கவுண்டிகள் உபரி உணவுப் பொருள் வழங்குவதை நிறுத்தி உணவு முத்திரைத் திட்டத்துக்கு மாறின. உணவு முத்திரை இலவசமன்று. வருமானமே இல்லாதவரும் மாதம் ஓர் ஆளுக்குக் குறைந்தது இரண்டு டாலர் செலுத்திப் பெற வேண்டும். 1967 ஏப்ரலில் மேலவை உறுப்பினர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் டெல்டாவுக்கு வந்து, உணவில்லாத வீடுகளையும் மெலிந்த குழந்தைகளையும் நேரில் கண்டனர். பின்னர் இரண்டு டாலர் ஐம்பது சென்ட்டாகக் குறைக்கப்பட்டது.

பயிரிடாமல் இருப்பதற்குப் பணம் பெறுவது மானியம் என்றும், பயிரிட வழியில்லாதவர் பெறுவது தருமம் என்றும் பெயர் பெற்றதை ஹேமர் தம் உரைகளில் தொடர்ந்து சுட்டிக்காட்டினார். வேலையற்றவருக்கு உதவி தருவது சோம்பலை வளர்க்கும் என்று சொன்னவர்கள், தரிசு நிலத்துக்கான காசோலையை அப்படிக் கருதவில்லை.

உச்சவரம்பும் அதன் ஓட்டைகளும்

பட்டியல்கள் வெளியானதும் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. கலிபோர்னியாவின் ஒரே பருத்தி நிறுவனம் ஆண்டுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் பெற்றது தெரியவந்தது. 1970ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பயிர்களுக்கும் சேர்த்து 20,000 டாலர் என்று குறைத்தது.

வரம்பு 'ஒருவருக்கு' என்றதால், 'ஒருவர்' யார் என்பதே அடுத்த கேள்வியாயிற்று. ஒரு பண்ணையைக் குடும்ப உறுப்பினர்கள், கூட்டு நிறுவனங்கள், அறக்கட்டளைகள் எனப் பிரித்துப் பதிவு செய்தால் ஒவ்வொன்றும் தனி நபராகி வரம்புவரை பெற முடிந்தது. அடுக்கடுக்காகக் கிளைக்கும் இந்த அமைப்புக்கு 'மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்றே பெயர் ஏற்பட்டது. 1987இல் ஒருவர் மூன்று அமைப்புகள் வழியாக மட்டுமே மானியம் பெறலாம் என்று விதி வந்தபின்னும் வழிகள் முழுதும் அடைபடவில்லை. தமிழகத்தில் நில உச்சவரம்புச் சட்டத்தின்போது நிலங்கள் உறவினர் பெயர்களிலும் அறக்கட்டளைகளின் பெயரிலும் மாறியதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

விடுதலைப் பண்ணை

வாக்குரிமை மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்ற முடிவுக்கு ஹேமர் வந்தார். 1969இல் சன்பிளவர் கவுண்டியில் 40 ஏக்கர் வாங்கி விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். பின்னர் மேலும் 640 ஏக்கர் சேர்ந்தது. உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர். அதையும் செலுத்த முடியாத குடும்பங்களே மிகுதி. காய்கறி, பட்டாணி, பருத்தி, சோயா பயிரிடப்பட்டன. தேசிய நீக்ரோ மகளிர் மன்றத்தின் உதவியோடு பன்றி வங்கி ஒன்றும் அமைக்கப்பட்டது. ஒரு குடும்பம் சினைப்பன்றியைப் பெற்று, ஈன்ற குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தர, அவை அடுத்த குடும்பங்களுக்குச் செல்லும். இதனால் நூற்றுக்கணக்கான வீடுகளில் இறைச்சி கிடைத்தது.

கூட்டுறவு பெரும்பாலும் வடமாநிலங்களிலிருந்து வந்த நன்கொடையை நம்பியிருந்தது. வறட்சி, வெள்ளம், நிலத்தவணை, வரி, ஹேமரின் உடல்நலக் குறைவு ஆகியவை சேர்ந்து 1970களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. ஹேமர் 1977 மார்ச் 14 அன்று காலமானார். ஆண்டுதோறும் உறுதியாக வரும் வருவாய் இருந்திருந்தால் ஓரிரு மோசமான பருவங்களைக் கூட்டுறவு தாங்கியிருக்கலாம். பண்ணையார்களை 1930களிலிருந்து தாங்கியது அத்தகைய வருவாயே.

பிற்காலம்

1996ஆம் ஆண்டுச் சட்டம் மானியத்தை அவ்வாண்டு விதைப்பிலிருந்து பிரித்து, நிலத்தின் பழைய பயிர் வரலாற்றோடு இணைத்தது. அந்த வரலாறோ பல பத்தாண்டு ஒதுக்கீடுகளின் வழியாக உருவானது. 1999இல், வேளாண்மைத் துறையின் கடன்களிலும் உதவிகளிலும் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கில் உடன்பாடு எட்டப்பட்டது. தகுதி பெற்ற பெரும்பாலோருக்குத் தலா 50,000 டாலர் கிடைத்தது. 1920இல் நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பினப் பண்ணையாளர் எண்ணிக்கை அதற்குள் இருபதாயிரத்துக்கும் கீழாகக் குறைந்திருந்தது. 2001 முதல், யாருக்கு எவ்வளவு மானியம் என்பதைக் கவுண்டி வாரியாக எவரும் இணையத்தில் பார்க்கும்படி ஒரு தன்னார்வ அமைப்பு வெளியிட்டுவருகிறது.

மதிப்பீடு

பருத்தி மானியம் இல்லாதிருந்தால் 1930களில் டெல்டாவின் பண்ணைகள் பல வங்கிகளிடம் போயிருக்கும். வாரக்காரரும் அவற்றோடு வீழ்ந்திருப்பர். ஆகவே திட்டமே கூடாது என்று இந்த வரலாறு காட்டவில்லை. எந்திரமும் எப்படியும் வந்திருக்கும். ஆனால் எந்திரம் வந்த நாளில் யார் எதைக் கையில் வைத்திருந்தனர் என்பதை மானியத்தின் விதிகள் தீர்மானித்தன. பணம் நிலத்தையும் பழைய விளைச்சலையும் அளவாகக் கொண்டது. அது நிலம் உள்ளவர் வழியாகவே உழைத்தவரைச் சென்றடைய வேண்டியிருந்தது. நிலம் உள்ளவர்களே அதை மேற்பார்வையிட்டனர். இம்மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிய 1938ஆம் ஆண்டுத் திருத்தம் வாரக்காரரைக் கூலியாளாக்கியது. தொகையை மட்டும் கட்டுப்படுத்திய 1970ஆம் ஆண்டு உச்சவரம்பு, காகிதத்தில் பண்ணைகளைப் பெருக்கியது. எந்த நாட்டின் உழவர் மானியத்தை ஆராயும்போதும் ஒதுக்கப்பட்ட தொகையோடு நின்றுவிடாமல், விண்ணப்பத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, புகாரை யார் விசாரிக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே சன்பிளவர் கவுண்டி தரும் பாடம்.